அசேலியா வச்சிருக்கிறவைக்கு ஒரு சின்ன விசயம்

நுவரெலியா போய் வரேக்க ஆசைப்பட்டு ஒரு அசேலியா பூக்கன்று வாங்கிவந்து திருகோணமலை வெயில்ல வச்சன், கொஞ்ச நாள்ல இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நோயெண்டு நினைச்சு மருந்தடிக்காதேங்கோ. உப்பும் சுண்ணாம்பும் கூடின கிணத்துத் தண்ணி விட்டா வேர் இரும்புச்சத்தை எடுக்காது, அதுதான் விசயம். ஹோர்ட்டன் சமவெளியில சிவப்பா பூக்கிற ரொடொடென்ரனும் இதே குடும்பம்தான், ரெண்டுக்கும் புளிப்பு மண் வேணும், பிஎச் (மண்ணின்ட புளிப்பைக் காட்டுற அளவு) 4.5க்கும் 6க்கும் இடையில.

நிலத்தில வைக்காம சாடியிலயே வையுங்கோ. உப்புப் போகக் கழுவின தும்புத்தூளோட உக்கின இலைக்குப்பை கலந்து, காலமை வெயில் மட்டும் படுற பக்கமா. மாரி மழைத்தண்ணியை பரல்ல பிடிச்சு வச்சு அதையே ஊத்துங்கோ. வேர் மேலாலதான் ஓடும், கிண்டக் கூடாது. கவ்வாத்து பண்றதெண்டா பூ முடிஞ்ச உடனயே, பிந்தினா அடுத்த மொட்டையும் சேத்து வெட்டிப்போடுவீங்கள்.

இலை நஞ்சு, ஆடு கடிக்காமப் பாருங்கோ. எங்கட ரோட்டில திரியிற மான்களும்தான்!

இவ்வளவு செய்தும் மலைநாட்டு மாதிரிப் பூக்காது, சொல்லிப்போட்டன்.