காலேஜில் ஐட்ரிபிள்ஈ மாணவர் கிளை தொடங்குவது எப்படி? முதல் மனுவிலிருந்து முதல் பட்டறை வரை

ஐட்ரிபிள்ஈ (IEEE) என்பது மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய சங்கம். சேலம் பக்கத்துக் காலேஜ்களில் அதன் மாணவர் கிளை என்றதும் முதல் பேச்சே தொடக்க விழாதான். யாரை அழைப்பது, எத்தனை பொன்னாடை, ஃப்ளெக்ஸில் யார் படம். அதையெல்லாம் கடைசிக்குத் தள்ளுங்கள். கையில் பொருளைக் கொடுத்துச் செய்ய வைக்கும் ஒரு பட்டறை முதல் மாதத்திலேயே நடக்காவிட்டால், சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் சந்தா கட்டமாட்டார்கள்.

படி 1: ஆசிரியரும் 12 பேரும்

கிளைக்கு ஒரு கவுன்சிலர், அதாவது வழிகாட்டும் ஆசிரியர், வேண்டும். அவர் உங்கள் காலேஜ் ஆசிரியராகவும், தானே ஐட்ரிபிள்ஈ உறுப்பினராகவும் இருக்க வேண்டும். ஆர்வமான மேடம் ஒருவர் சரி என்று சொல்லிவிட்டு உறுப்பினராகாமலே இருந்தால் மனு அங்கேயே நிற்கும். எனவே முதல் விண்ணப்பம் அவருடையது.

அடுத்து, சந்தா கட்டிய மாணவர்கள் குறைந்தது 12 பேர். சரியாக 12 பேரோடு நிறுத்தாதீர்கள். 16, 17 பேர் இருக்கட்டும். ஒருவருக்கு கார்டில் பணம் போகாது, இன்னொருவர் பெயரை ஒரு மாதிரி பதிந்திருப்பார். இதில் பாதிப் பேராவது செகண்ட் இயராக இருக்க வேண்டும். ஃபைனல் இயர் நண்பர்கள் 12 பேர் சேர்ந்து தொடங்கும் கிளை, அவர்கள் வெளியேறும் மே மாதத்தில் ஆளில்லாமல் கிடக்கும்.

படி 2: எப்போது சேர்வது

உறுப்பினர் ஆண்டு டிசம்பர் 31-இல் முடியும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை புதிதாகச் சேர்ந்தால் அரைச் சந்தா. அதுவும் அந்த டிசம்பரோடு சரி. ஆகஸ்ட் 16-க்குப் பிறகு முழுச் சந்தா கட்டிச் சேர்ந்தால் அடுத்த ஆண்டு டிசம்பர் வரை செல்லும். வகுப்பு தொடங்கிய சூட்டில் ஜூலையில் எல்லோரையும் சேர்த்துவிட்டு, ஜனவரியில் மறுபடி பணம் கேட்டுப் போய் நிற்காதீர்கள்.

படி 3: மனு

12 பேரின் பெயர், உறுப்பினர் எண், கவுன்சிலர் விவரம், காலேஜ் நிர்வாகத்தின் ஒப்புதல். மனு, நம் பகுதிக் கிளைகளைக் கவனிக்கும் ஐட்ரிபிள்ஈ மெட்ராஸ் செக்ஷன் வழியாக ஆசிய-பசிபிக் பகுதியான ரீஜியன் 10-க்குப் போகும். பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதாமல், உறுப்பினர் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்பதில்தான் அதிகம் தடுக்கும்.

தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் ஐட்ரிபிள்ஈயின் நிர்வாக இணையதளமான விடூல்ஸில் (vTools) ஏறவேண்டும். சந்தா காலாவதியானவரை அது ஏற்காது.

படி 4: முதல் பட்டறை

எல்இடி மினுக்கும் சுற்று போதும். 1972-இல் சந்தைக்கு வந்த 555 என்ற டைமர் ஐசி இன்னும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது. 40 பேர் என்றால் இருவருக்கு ஒன்றாக 20 செட். வாங்க வேண்டியவை: பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் ஓட்டைப் பலகை) 20, 555 ஐசி 25, சிவப்பு எல்இடி 50, 9 வோல்ட் பேட்டரியும் கிளிப்பும் 22 வீதம், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 30, 103 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் 30, ரெசிஸ்டரில் 1 கிலோஓம், 68 கிலோஓம், 470 ஓம் ஒவ்வொன்றிலும் 50. வயர் சிங்கிள் ஸ்ட்ராண்டாக இருக்கட்டும். பல இழை வயர் பிரெட்போர்டு ஓட்டையில் மடங்கிக்கொள்ளும்.

இணைப்பு: 555-இன் வெட்டுக் குழி இடப்பக்கம் இருக்கும்படி வைத்தால் கால்களின் எண், கீழ் வரிசையில் இடமிருந்து 1 முதல் 4, மேல் வரிசையில் வலமிருந்து 5 முதல் 8. 4-ம் 8-ம் பாசிட்டிவ். 1 நெகட்டிவ். 2-ஐயும் 6-ஐயும் ஒரு துண்டு வயரால் சேர்க்கவும். 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோஓம். 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோஓம். 2-லிருந்து நெகட்டிவுக்கு 10 மைக்ரோஃபாரட், கோடு போட்ட பக்கம் நெகட்டிவில். 5-லிருந்து நெகட்டிவுக்கு 103. 3-லிருந்து 470 ஓம் வழியாக எல்இடியின் நீளக் கால். குட்டைக் கால் நெகட்டிவ். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை மினுக்கும்.

மினுக்காமல் ஒரேயடியாக எரிகிறது என்பதுதான் அன்று நீங்கள் அதிகம் கேட்கப்போகும் புகார். ஐசி போய்விட்டது என்று மாற்றாதீர்கள். முதலில் ரெசிஸ்டர் பட்டையைப் பாருங்கள். 68 கிலோஓம் என்பது நீலம், சாம்பல், ஆரஞ்சு. 680 ஓம் என்பது நீலம், சாம்பல், பழுப்பு. டியூப் லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். 680 போட்டால் விநாடிக்கு 60 முறைக்கு மேல் மினுக்கும். கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகவே படும். பெரிய கெப்பாசிட்டரின் கால் ஓட்டையில் சரியாக இறங்காவிட்டாலும் இதே கதைதான். சுத்தமாக எரியவில்லை என்றால் எல்இடியைத் திருப்பிப் போடுங்கள். பிறகு நீள பிரெட்போர்டின் பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐசி சுட்டால் அது தலைகீழாக இருக்கிறது. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள்.

5 போர்டுக்கு ஒரு சீனியர் வேண்டும். முந்தின நாளே அந்த நால்வரும் தாங்களே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலேஜ் பஸ் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி வரிசை பாதியில் எழுந்து போய்விடும்.

படி 5: பிறகு

பட்டறை முடிந்த வாரத்திலேயே விடூல்ஸில் அறிக்கை ஏற்றுங்கள். அதில் வந்தவர்களை உறுப்பினர், உறுப்பினர் அல்லாதோர் எனப் பிரித்துக் கேட்பார்கள். வருகைத் தாளிலேயே அதற்கொரு கட்டம் போட்டுவிடுங்கள்.

கிளைக்குள் மின்சக்தி போன்ற ஒரு துறைக்குத் தனிச் சாப்டர் (துணைக் கிளை) வேண்டுமானால் அந்தத் துறைக்கான ஐட்ரிபிள்ஈ சொசைட்டியில் 6 மாணவர்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். அப்படி ஒன்று அமைந்தால், போய்ப் பார்க்க மேட்டூர் அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது: 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று. அனுமதிக் கடிதத்தை வாரங்களுக்கு முன்பே, துறைத்தலைவர் கையெழுத்தோடு அனுப்புங்கள்.

இதே 20 செட்டை ஏற்காட்டில் ஒரு அரசுப் பள்ளிக்கும் கொண்டுபோகலாம். கோடை விழா நாட்களைத் தவிருங்கள், மலைப்பாதை நெரியும். டெமோ போர்டைக் கீழேயே பொருத்தி எடுத்துப் போகவேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வயர்கள் தளர்ந்து, எந்தக் கால் கழன்றது என்று பிள்ளைகள் முன்னால் தேட வேண்டியிருக்கும். பாகங்களைத் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே போய்ப் பொருத்துங்கள்.