பி0301 வந்தால் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்

செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அந்த எண் சொல்லாது. தீப்பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்), எதுவாகவும் இருக்கலாம். ஆனால் சில இடங்களில் நேராகப் புதுக் காயிலுக்கு பில் போட்டுவிடுவார்கள்.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள பெட்ரோல் கார் என்றால் செலவில்லாமல் நீங்களே பார்க்கலாம். முதலில் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தை, அதாவது பிழை வந்தபோது என்ஜின் இருந்த நிலையை, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிழை எண்ணை அழித்தால் அதுவும் போய்விடும். என்ஜின் ஆறியதும் இக்னிஷனை அணைத்துவிட்டு காயிலின் கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய வண்டியில் அந்த பிளாஸ்டிக் லாக் பொசுக்கென்று உடையும், அதனால் மெதுவாக. போல்ட்டை எடுத்தால் காயில் மேலே வந்துவிடும். அப்படியே டார்ச் அடித்து பிளக் இருக்கும் குழிக்குள் பாருங்கள். ஆயில் நின்றால் சீல் கசிகிறது, அதைச் சரிசெய்யாமல் காயில் மாற்றுவது வீண்.

அப்புறம் ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர் காயில்களை இடம் மாற்றிப் போட்டு, எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி 0301 என்றால் காயில் நல்லது. பிளக்கையும் இதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் எண் மாறவில்லையா, இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் இந்தச் சோதனை ஓட்டமே வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும், விலை அதிகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.