தோட்டத்துத் தடத்துக்குத் தார் போடுகிறவர்களுக்கு

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில், ஊராட்சிச் சாலையை விட்டு 120 மீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. அப்பா காலத்தில் அந்த 120 மீட்டரும் மாட்டு வண்டித் தடம், அப்புறம் டிராக்டர் தடம். மழைக்காலத்தில் காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். தார் போட்டு நான்கு வருடமாகிறது. அதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, "எத்தனை லோடு தார் ஆச்சுங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் வேலைக்கு ஒரு குடையும் பத்துக் குச்சியும் போதும். ஐப்பசியில் நல்ல மழை பெய்யும்போது தடத்தில் நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டுவிடுங்கள். நான் நட்ட ஏழு குச்சியில் ஐந்து, முதல் 40 மீட்டருக்குள் இருந்தன. அங்கே கரிசல் மண், மீதித் தூரம் செம்மண். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலே என்ன போட்டாலும் அதோடு சேர்த்து ஆட்டும். வெயில் காலத்தில் அளக்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு இது கண்ணில் படவில்லை. இருக்கிற மண்ணை ஒருமுறை உருட்டி, மேலே 20 மி.மீ. கனத்துக்குத் தார்க் கலவை போட்டு ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

தை பிறந்ததும் ஜேசிபி வந்தது. 3 மீட்டர் தாருக்கு 3.6 மீட்டர் அகலத்தில், ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டச் சொன்னேன். கரிசல் இருந்த இடத்தில் இன்னும் ஓர் அடி இறக்கி, அந்த மண்ணைத் தென்னை வட்டப் பாத்திக்குத் தள்ளி, குழியைக் கிராவல் என்கிற சரளை மண்ணால் நிரப்பினோம். சாலையில் சேரும் வாயை மட்டும் 6 மீட்டருக்கு விரித்தோம். தேங்காய் லாரி திரும்ப வேண்டுமே. அந்த இடத்தில் சாலையோர வாய்க்கால் அடைபடாமல் இருக்க ஊராட்சியில் கேட்டு சிமென்ட் குழாய் பதித்தோம்.

கோரைக் கிழங்கை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். மேல் புல்லை மட்டும் சீவிவிட்டுத் தார் போட்டால், அதன் ஊசி முனை தாரைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். எங்கள் சித்தப்பா மகன் வீட்டுத் தடத்தில், மூன்றாம் மாதமே தார் கொப்புளம் போல எழும்பி, நடுவில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்ததை நானே குனிந்து பார்த்திருக்கிறேன். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். தென்னை வேர் அப்படித் தொல்லை தராது, அது பருக்காத வேர். ஓரத்தில் வேம்போ பூவரசோ நின்றால்தான் பயப்பட வேண்டும்.

மண் திறந்திருக்கும்போதே குறுக்குக் குழாய்களைப் போட்டுவிடுங்கள். சொட்டுநீர் மெயின் லைன், மோட்டார் கேபிள், இணையக் கேபிள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆறங்குலக் குழாய், இரண்டடி ஆழத்தில். வெறுமனே ஒன்றிரண்டு கூடுதலாகவும் கிடக்கட்டும். முனைகளில் கல் நட்டு அடையாளம் வைக்க வேண்டும். நான் மூன்றே போட்டேன். மறு வருடமே கிழக்கு வரிசைக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டி வந்து, புதுத் தாரைக் குறுக்கே வெட்டினேன். ஒட்டுப்போட்ட அந்த இடத்தில் இன்றைக்கும் கார் 'டொக்'கென்று ஒரு குதி குதிக்கிறது. வீட்டுக்காரி அதைத் தினமும் ஞாபகப்படுத்துகிறாள்.

அடி மண்ணை உருட்ட ஈரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் இரண்டாக உடைந்தால் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் விட வேண்டும், கையில் ஒட்டினால் காயவிட வேண்டும். அதன்மேல் 15 செ.மீ. கிராவல். அதற்கும் மேலே வெட் மிக்ஸ் ஜல்லி (பல அளவு ஜல்லியைத் தண்ணீர் விட்டுக் கலந்தது) 15 செ.மீ., இரண்டு அடுக்காக, ஒவ்வொரு அடுக்குக்கும் 8 டன் ரோலர். இரண்டுமே கெட்டிப்பட்ட பிறகான கனம். ஜல்லி மட்டும் 25 யூனிட் இறங்கியது. யூனிட் என்றால் 100 கன அடி. முடிந்ததும் லோடு ஏற்றிய டிப்பரை மெதுவாக விட்டு, பின் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து போனேன். இரண்டு இடத்தில் தரை மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. அந்த இரண்டையும் தோண்டி மறுபடி நிரப்பினோம். இதற்குச் சோம்பல்பட்டால் அந்த இடத்தில்தான் முதல் பள்ளம் விழும்.

வாட்டத்தையும் ஜல்லியிலேயே கொண்டுவந்துவிட வேண்டும், தாரில் சரிசெய்யலாம் என்று விடக்கூடாது. நடு உயர்த்தாமல் ஒரே பக்கச் சரிவாக வைத்தேன். 3 மீட்டருக்கு 7.5 செ.மீ., மேற்கே. பெய்கிற தண்ணீர் மேற்கு வரிசைத் தென்னைக்கே போகிறது. வாசல் பக்கம் கடைசி இரண்டு மீட்டரை வீட்டைவிட்டு வெளியே சரிய விடுங்கள்.

சரி, தார். நாம் தார் என்று சொல்வது உண்மையில் பிட்டுமன், கச்சா எண்ணெயைக் காய்ச்சி எடுத்தபின் அடியில் தங்குவது. டீசல் அதற்குப் பங்காளி, பட்டால் கரைத்துவிடும். இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஜல்லிப் பரப்பைச் சீமாறு போட்டுத் தூசி போகப் பெருக்கி, பிரைம் கோட் எமல்ஷன் (மேலே வரும் கலவை பிடித்துக்கொள்ள முதலில் தெளிக்கும் நீர்த்த பிட்டுமன்) தெளித்து ஒரு நாள் முழுக்க விட்டோம். கலவை வரும் நாளைப் பங்குனியில் வைத்துக்கொண்டோம். ஆனி, ஆடியிலும் மழை உண்டு, ஐப்பசியிலும் மழை உண்டு என்கிற ஊர் இது. முதலில் கேட்கிற அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்: 40 மி.மீ. கனத்துக்கு 34 டன் ஹாட் மிக்ஸ், அதாவது ஜல்லியும் பிட்டுமனும் சூடாகக் கலந்த கலவை. பக்கத்து ஊரில் ரோடு வேலை நடந்தால், "மிச்ச லோடு தருகிறேன், பாதி விலை" என்று யாராவது வருவார்கள். வாங்காதீர்கள். அது அரசாங்கச் சரக்கு, அதுவும் ஆறிப்போனது. சித்தப்பா மகன் அப்படி வாங்கிப் போட்டதுதான், முதல் மழைக்கே முறுக்கு மாதிரி உதிர்ந்தது.

லாரியில் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்டு வைத்த தெர்மாமீட்டரைக் கலவைக்குள் குத்துங்கள். வி.ஜி.30 என்கிற தரத்துப் பிட்டுமன் என்றால் விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், உருட்டி முடிக்கும்போது 90-க்குக் கீழே போகக்கூடாது. என்னிடம் வந்த முதல் லோடு 152, இரண்டாவது 146. உருண்டால் கனம் குறையும் என்பதால் 50 மி.மீ. விரிக்கச் சொன்னேன். 50-இல் கோடு போட்ட ஆணியைப் பத்தடிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தேன். தாழ்ந்த ஓரத்திலிருந்து ஆரம்பித்து மேட்டுப் பக்கம் ஏறிக்கொண்டே போக வேண்டும் ரோலர். உருளையில் கலவை ஒட்டாமலிருக்க ஓட்டுநர் டீசல் துணியை எடுத்தார். "அண்ணா, தண்ணி மட்டும் போதுங்க" என்றேன். "இத்தனை வருசத்தில் யாரும் கேட்டதில்லீங்க" என்று சிரித்துக்கொண்டே துணியை உள்ளே வைத்தார்.

ஓரம் உடையாமலிருக்க இரண்டு பக்கமும் ஓர் அடிக்குக் கிராவல் கொட்டி, தார் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக உருட்டிவிட்டோம். ஒரு நாள் யாரும் போகவில்லை. லாரியை ஒரு வாரம் விடவில்லை. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பக்கூடாது, புதுத் தார் பெயர்ந்துவிடும். ஒழுகுகிற டிராக்டரை மேலே நிறுத்தக்கூடாது. காரணம் மேலே சொன்ன பங்காளிதான். சித்திரை வெயிலில் பைக்கின் சைடு ஸ்டாண்ட் தாருக்குள் இறங்கி வண்டி சாய்ந்துவிடும். எங்கள் வாசலில் அதற்கென்றே ஒரு கடப்பைக் கல் துண்டு கிடக்கிறது.