மாணவர் ரோபோப் போட்டிக்கான பொத்தான் பலகையை அமைக்கும் முறை

எஃப்.ஆர்.சி. எனப்படும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் பல அணிகள் ரோபோவை ஓட்டும் பணியை ஒரு மாணவரிடமும், அதன் கையையும் பிடிப்பானையும் இயக்கும் பணியை இன்னொருவரிடமும் ஒப்படைக்கின்றன. ஓட்டுபவருக்குக் கடையில் கிடைக்கும் கேம்பேடே போதும். மற்றவரோ, களத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே பத்துப் பன்னிரண்டு செயல்களில் ஒன்றை நொடியில் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், அவருக்கென்றே ஒரு பலகையை அமைத்துக் கொடுப்பது பயனுள்ளது.

துளைக்கருவியை எடுப்பதற்கு முன், ஓர் அட்டையில் பொத்தான்களை உண்மையான அளவில் வரைந்து, அதை இயக்கப்போகும் மாணவரையே அதன்மேல் கை வைத்து ஒரு முழு ஆட்டத்தைப் பாவனையாக ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த விரல் எங்கே தடுமாறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். உயர்ந்த இலக்குக்குரிய பொத்தான் மேல் வரிசையிலும் தாழ்ந்த இலக்குக்குரியது கீழ் வரிசையிலும் இருக்கட்டும். இடமும் வலமும் ரோபோவின் பார்வையில் அல்லாமல், களத்தின் ஓரத்தில் நிற்பவரின் பார்வையில் அமையட்டும். ரோபோவின் கையை உள்ளிழுக்கும் பொத்தான் மற்றவற்றைவிடப் பெரிதாக, தடவினாலே அகப்படும்படி இருப்பது நல்லது. தவறுதலாக அழுந்தினால் ஆட்டமே கெட்டுவிடக்கூடிய ரோபோ மேலே ஏறுதல் போன்ற செயலுக்கு, மேல்மூடி கொண்ட சுவிட்சைப் பொருத்துங்கள். அழகுக்காக எல்லாப் பொத்தான்களையும் ஒரே அளவில் சீராக அடுக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. விரலுக்கு அவற்றுள் வேறுபாடு தெரியாது.

மடிக்கணினியையும் சேர்த்து இயக்கமேடை (ரோபோவை இயக்கும் கருவிகளை வைக்கும் தட்டு) முழுவதும் 60 அங்குல நீளத்துக்கும் 14 அங்குல ஆழத்துக்கும் உட்பட வேண்டும் என்பது இப்போட்டியில் வழக்கமாக இருந்துவரும் விதி. எனினும் அந்தந்த ஆண்டின் விதிநூலைப் பார்த்த பிறகே பலகையை வெட்டுங்கள். ஆர்கேட் பொத்தான்கள் (விளையாட்டு இயந்திரங்களில் உள்ள பெரிய வட்டப் பொத்தான்கள்) பெரும்பாலும் 30 மி.மீ. அல்லது 24 மி.மீ. துளைக்குரியவை. அழுத்திச் செருகும் வகை மெல்லிய பலகைக்கும், மரையால் இறுக்கும் வகை தடித்த ப்ளைவுட்டுக்கும் ஏற்றது.

மின்னணுப் பகுதிக்கு ஏடிமெகா32யு4 சில்லு உள்ள ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்னும் சிறு நிரலாக்கச் சுற்றுப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். இச்சில்லு நேரடியாகவே யூஎஸ்பி சாதனமாக இயங்கும். அதை விசைப்பலகையாக அல்லாமல் ஜாய்ஸ்டிக்காகவே கணினிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ரோபோவைக் கட்டுப்படுத்த மடிக்கணினியில் ஓடும் டிரைவர் ஸ்டேஷன் மென்பொருளில் ஸ்பேஸ் விசை ரோபோவை அவசரமாக நிறுத்திவிடும், என்டர் விசை அதன் இயக்கத்தை முடக்கிவிடும் என்பதால், விசைப்பலகையாக நடிக்கும் பலகை விபரீதத்தில் முடியலாம்.

ஒவ்வொரு பொத்தானின் ஒரு முனையை ஆர்டுயினோவின் தனித்தனிப் பின்னுக்கும் (இணைப்புமுனைக்கும்), மறு முனைகளை எல்லாம் ஒரே கிரவுண்ட் ஒயருக்கும் இணைத்து, நிரலில் உள்ளமைந்த புல்-அப் மின்தடையை (பொத்தான் அழுந்தாதபோது பின்னை உயர்நிலையில் வைத்திருப்பது) இயக்கினால், பொத்தான் அழுந்தும்போது பின் தாழ்நிலையைக் காட்டும். பின்கள் போதாவிட்டால் வரிசை-நெடுவரிசை முறையில் இணைக்கலாம். ஆனால் பல பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத ஒன்றும் அழுந்தியதாகத் தோன்றாதிருக்க, ஒவ்வொன்றுக்கும் 1என்4148 டையோடு தேவை. தொடுமுனைகள் சில மில்லிநொடி துள்ளும் என்பதால், நிலை மாறியதும் சற்றுப் பொறுத்து உறுதிசெய்யும்படி நிரலை எழுதுங்கள்.

பல பலகைகள் பழுதாவது யூஎஸ்பி கேபிள் நுழையும் இடத்தில்தான். புரோ மைக்ரோவின் சிறிய சாக்கெட் ஓர் இழுப்பிலேயே பெயர்ந்துவிடக்கூடும் என்பதால், இழுவிசை முழுவதையும் பெட்டியே தாங்கும்படி கேபிளை உட்புறம் கிளாம்ப் வைத்து இறுக்குங்கள்.

இறுதியாக, டிரைவர் ஸ்டேஷனின் யூஎஸ்பி பகுதியில் பலகையை 0 முதல் 5 வரையிலான இடங்களில் ஒன்றில் வைத்து, மறுமுறை செருகும்போது இடம் மாறாதிருக்க அதைப் பூட்டிவிடுங்கள். ஆர்டுயினோவின் பரவலான ஜாய்ஸ்டிக் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) பொத்தான்களை 0 முதல் எண்ணுகிறது. ரோபோவில் இயங்கும் நிரல் நூலகமான டபிள்யூ.பி.ஐ.லிப் 1 முதல் எண்ணுகிறது. ஆகவே ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, திரையில் ஒளிரும் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணையே பலகையின் பின்புறத்திலும் நிரலிலும் எழுதிக்கொள்ளுங்கள்.