லிச்சிக் கூடை பழக்கூடை ஆகாது: ஜெனரிக் லிஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிச்சி ஒரு பழம். அப்படியானால் லிச்சிக் கூடையும் பழக்கூடைதானே? மொரீஷியஸின் போர்ட் லூயி சந்தையில் இந்தக் கணக்கு செல்லும், ஜாவா புரோகிராமிங் மொழியில் செல்லாது. லிச்சி கிளாஸ், பழம் கிளாஸின் பிள்ளையாகவே இருக்கட்டும். லிஸ்ட்<லிச்சி>யை லிஸ்ட்<பழம்> கேட்கும் இடத்தில் கொடுக்க முடியாது. (இப்படி <>க்குள் வகையைக் குறிப்பதுதான் ஜெனரிக்ஸ்.) மொரீஷியஸின் ஐடி நகரான எபேனில் புரோகிராமர் வேலை தேடுகிறவர்கள் விதியை மனப்பாடம் செய்வதைவிட, காரணத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

லிஸ்ட்<லிச்சி> கூடை = நியூ அரேலிஸ்ட்<>();
லிஸ்ட்<பழம்> பொது = கூடை;
பொது.ஆட்(நியூ அன்னாசி());
லிச்சி ஒன்று = கூடை.கெட்(0);

பெயர் இரண்டு, கூடை ஒன்றுதான். மூன்றாம் வரி அன்னாசியை உள்ளே போடுகிறது. நான்காம் வரி அதையே லிச்சி என்று நம்பி எடுக்கிறது. இந்த வம்பு வேண்டாமென்றுதான் கம்பைலர் (ஓடுமுன் கோடைச் சரிபார்த்து மாற்றும் கருவி) இரண்டாம் வரியிலேயே மறித்துவிடுகிறது.

எரரைப் பார்த்ததும் <> பகுதியை அழித்து, வெறும் லிஸ்ட் என்று எழுதிச் சமாளிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. கம்பைலர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். பிறகு எங்கோ வேறொரு ஃபைலில், பழத்தை எடுக்கும் வரியில் கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் (வகை பொருந்தாத எரர்) வெடிக்கும். லாக் காட்டும் வரியில் ஒரு தப்பும் இருக்காது, தேடித்தேடி அலுத்துப்போவீர்கள்.

ஜெனரிக்ஸ் 2004இல் ஜாவா 5உடன்தான் வந்தது. அதற்கு முந்தைய அரே, லிச்சி[] வகையைப் பழம்[] ஆக ஏற்கும். அன்னாசியைப் போட்டால் ஓடும்போது அரேஸ்டோர்எக்ஸப்ஷன் வரும். போட்ட இடத்திலேயே மாட்டுவதால் இது எவ்வளவோ மேல்.

படிக்க மட்டுமே செய்யும் மெத்தட் என்றால் லிஸ்ட்<? எக்ஸ்டென்ட்ஸ் பழம்> (பழமோ அதன் பிள்ளை வகையோ) என்று வாங்குங்கள். ஆனால் அதில் லிச்சியைக்கூட ஆட் செய்ய முடியாது, நல் (null, வெற்று மதிப்பு) மட்டும்தான் போகும்: வந்திருப்பது அன்னாசிக் கூடையாகவும் இருக்கலாமே! லிச்சியைப் போட வேண்டுமா, லிஸ்ட்<? சூப்பர் லிச்சி> (லிச்சியோ அதன் மேல் வகையோ) என்று வாங்குங்கள். அதிலிருந்து எடுப்பது வெறும் ஆப்ஜெக்ட்டாகத்தான் கிடைக்கும். இரண்டு வேலையும் உண்டென்றால் கேள்விக்குறியே வேண்டாம். ரிட்டர்ன் டைப்பிலும் அதை வைக்காதீர்கள், அழைப்பவர் தலையில்தான் பாரம் விடியும்.

சி ஷார்ப்பில் 2010இல், பதிப்பு 4இல் வந்த 'அவுட்' (வகையை வெளியே தர மட்டும்), 'இன்' (உள்ளே வாங்க மட்டும்) இரண்டும் இன்டர்ஃபேஸுக்கும் டெலிகேட்டுக்கும் மட்டுமே. லிஸ்ட் கிளாஸுக்குக் கிடையாது. ஐஇன்யூமரபிள்<லிச்சி>யை ஐஇன்யூமரபிள்<பழம்> ஆகக் கொடுக்கலாம். ஐஇன்யூமரபிள்<இன்ட்>டை ஐஇன்யூமரபிள்<ஆப்ஜெக்ட்> ஆகக் கொடுத்தால் கம்பைல் ஆகாது, ஏனென்றால் இன்ட் ரெஃபரன்ஸ் டைப் இல்லை. அங்கே .காஸ்ட்<ஆப்ஜெக்ட்>() போட வேண்டும்.