வண்டி ஹீட் ஆகிறதா? பாகங்களை மாற்றும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

இன்ஜின் ஹீட் ஆனதும் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பது பணத்தைக் கரைக்கும் வழி. எந்த நேரத்தில் ஹீட் ஆகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, பைபாஸில் ஓடும்போது இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு, ஐந்து பேருடன் கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறும்போது மட்டும் ஹீட் ஆனால் அடைத்துப்போன ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவே அதிக வாய்ப்பு. ஸ்டார்ட் செய்த பத்து நிமிடத்திலேயே ஏறினால் கூலன்ட் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை.

எதையும் தொடும் முன் ஒன்று. சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டால் சூடில்லாமல், அமுக்கினால் தளர்வாக இருக்கும்போதுதான் மூடியில் கை வைக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தப்பு. இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும், சில சமயம் விரிசலும் விடும்.

மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில் அளவு பாருங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள கூலன்ட் டப்பாவில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருந்தால் மட்டும் போதாது. ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டியென்றால் அதைத் திறந்து கழுத்து வரை நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் தடித்துப்போயிருந்தாலோ வெடித்திருந்தாலோ அழுத்தம் பிடிக்காது. அப்போது டப்பா நிரம்பி வழியும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். மூடி மாற்றும்போது பழையதில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனாலும் கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள்.

முள்ளை முழுதாக நம்ப முடியாது. கூலன்ட் நன்றாகக் குறைந்து சென்சார் வெறும் ஆவியில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதே முள் கீழே இறங்கிவிடும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால் நிம்மதியாக ஓட்டாதீர்கள், ஓரம் கட்டுங்கள்.

அளவு குறைந்திருந்தால் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும். இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். ஹோஸ் நுனிகள், கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கேதான் கசிவு. வாட்டர் பம்ப் உடம்பில் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து கறை வழிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பை மாற்றத்தான் வேண்டும். முன்சீட்டுக் கால் பாய் ஈரமாகி இனிப்பு வாடை வந்தால் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர் ஒழுகுகிறது.

ஃபேனைச் சோதிக்க: வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி ஓடத் தொடங்கியதும் ஃபேனும் சுற்ற வேண்டும். இரண்டு ஃபேன் இருந்தால் ரேடியேட்டருக்கு உரியது சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றாவிட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் சென்சாரிலோ அதன் ஒயரிலோதான். எதற்குமே சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. ஃபியூஸ் பெட்டியில் ஹார்ன் ரிலே அதே எண்ணில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு, மோட்டார் பிளக்கைக் கழற்றி, பிளஸ் மைனஸ் மாறாமல் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றவில்லையென்றால் மோட்டார் போய்விட்டது. சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும். விரலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டை நம் ஊரில் கழற்றி எறிந்துவிடுவது பழக்கமாகிவிட்டது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில், ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் சுற்றுவழியை அடைப்பதும் இதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினையே சுற்றும், ஹீட் இன்னும் மோசமாகும். வீட்டில் சோதிப்பது சுலபம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில், அடியில் தட்டாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அதன்மேல் 82 அல்லது 88 என்பது போல ஓர் எண் இருக்கும். அந்தச் சூட்டில் மெல்ல வாய் திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது சுமார் 8 மில்லிமீட்டர் திறந்து நிற்க வேண்டும். ஆறவிட்டால் முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். திரும்பப் பொருத்தும்போது புது கேஸ்கட் போடுங்கள்; ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேறும் வழி அது.

ஃபேனும் தெர்மோஸ்டாட்டும் சரியென்றால் ரேடியேட்டர். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி, பஞ்சு, பூச்சி எல்லாம் கம்பளி மாதிரி படிந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கிச் சாதாரண ஹோஸ் பைப்பால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். உள்ளே அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர். அதன் கால்சியம், மெக்னீசியம் உப்பு, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிவதுபோலவே குழாய்களுக்குள்ளும் படியும். வண்டி ஓடி ஃபேன் நின்ற பிறகு, இன்ஜினை அணைத்துவிட்டு ரேடியேட்டர் முகத்தில், தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அங்கங்கே அளந்தால், அடைத்த குழாய்கள் இருக்கும் பகுதி மட்டும் குளிர்ந்து தெரியும்.

கூலன்ட் மாற்றும்போது ஒரு கணக்கு பலருக்கும் தவறிவிடுகிறது. கீழ்த் திருகைத் திறந்து வடித்தாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அலசிய பிறகு, தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் அது நீர்த்துப்போகும். அதனால் கலக்காத கூலன்ட் வாங்குங்கள். வண்டியின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால் முதலில் 2 லிட்டர் கூலன்ட், மீதிக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைப் பாருங்கள்.

காற்றை வெளியேற்றாமல் விட்டால் இத்தனையும் வீண். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, குளிர்ந்த இன்ஜினில் மெதுவாக ஊற்றுங்கள். காற்றுத் திருகு இருந்தால் குமிழி இல்லாமல் ஒரே தாரையாக வரும்வரை திறந்து வையுங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை வந்து நிற்கும்வரை ஓடவிட்டு, முழுதும் ஆறியபின் அளவைச் சரிசெய்யுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வராவிட்டால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்தால், குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலோ, மூடி போட்டபின் சூடேறும் முன்பே ஹோஸ் கல்லாக இறுகினாலோ, சைலென்சரில் இனிப்பு வாடையுடன் வெண்புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் தகடு) போயிருக்க அதிக வாய்ப்பு. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்க அதிக வாய்ப்பு. இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். ஹெட்டைக் கழற்றினால் கோணல் பார்த்து, தேவையென்றால் ஃபேஸிங் செய்த (அடிப்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கிய) பிறகுதான் புது கேஸ்கட் போடச் சொல்லுங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை வாசலில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதைச் சாம்பல் போட்டுத் துடைத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.