'சார்ஜ்' எங்கே என்ன அர்த்தம் தரும்? நான் பிரித்துப் பார்த்த விதம்

போன வருடம் பையனின் வகுப்பாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் ஊரில் இல்லாத மூன்று நாளும் அவன் பாட்டியின் பொறுப்பில் இருப்பான் என்பதுதான் விஷயம். 'மை சன் வில் பி இன் சார்ஜ் ஆஃப் ஹிஸ் கிராண்ட்மதர்' என்று எழுதிவிட்டேன். யுகேஜி பையன் பாட்டிக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டான்! டீச்சர் சிரித்துவிட்டார்.

முதலில், வேரைப் பிடியுங்கள். லத்தீனில் இது வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல். நாமும் செல்போனில் சார்ஜ் 'ஏற்றுகிறோம்', குற்றம் 'சுமத்துகிறோம்', பொறுப்பைத் தலையில் 'கட்டுகிறோம்'. எல்லாம் பாரம்தான். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பின்னால் வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'சார்ஜ்டு ஃபார் டூ காபீஸ்' என்றால் இரண்டு காபிக்குக் காசு வாங்கினார்கள். 'சார்ஜ்டு வித் தெஃப்ட்' என்றால் திருட்டு வழக்கு. காசு விஷயத்தில் 'வித்' போட்டுவிடாதீர்கள்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். 'இன் சார்ஜ் ஆஃப்' என்பதற்கு முன்னால் இருப்பவர்தான் பொறுப்பாளர். பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்ளப்படுபவர். நடுவில் ஒரு 'தி' சேர்த்து 'இன் தி சார்ஜ் ஆஃப்' என்றால் அப்படியே தலைகீழ். என் கடிதத்தில் விடுபட்டது அந்த 'தி' மட்டும்தான். ஆனாலும் 'தி'யை நம்பாதீர்கள், அவசரத்தில் விட்டுப்போகும். பாட்டியை முன்னால் போட்டு எழுதுங்கள்: 'ஹிஸ் கிராண்ட்மதர் வில் பி இன் சார்ஜ் ஆஃப் ஹிம்.' வம்பே இல்லை.

'இங்கே இன்சார்ஜ் யாரு?' என்று ஆளையே இன்சார்ஜ் ஆக்குவது நம் நாட்டு வழக்கு. வெளிநாட்டு மெயிலில் வேண்டாம்.

ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ் அர்த்தம் காட்டும் ஆப்களை நான் அழித்துவிட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசம். அதில் அர்த்தத்தை விட்டுவிட்டு உதாரண வாக்கியங்களை மட்டும் படியுங்கள்.

பிற்சேர்க்கை: 'லத்தி சார்ஜில் என்ன பாரம்?' என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். அது பாய்ந்து தாக்குவது. யானை விரட்டி வந்தாலும் இதே சொல்தான், பின்னால் 'அட்' வரும். குற்றப்பத்திரிகையான சார்ஜ் ஷீட் மட்டும் பழைய சுமத்தல் கணக்கு.